ஒரு மேட்ச் பாக்கி

எங்கள் கிரவுண்டில் ஒரு பக்கத்துக்குத்தான் கோல் போஸ்ட் உண்டு. மறுபக்கம் இரண்டு சைக்கிள்களை நிறுத்தினால் அது கோல். ஆவடிக்கும் திருமுல்லைவாயலுக்கும் நடுவே இருக்கிற அந்தப் பொது மைதானத்தில் நவம்பர் மழைத் தண்ணீர் ஒரு மூலையில் பொங்கல் வரை வற்றாது. பிள்ளைகள் அதற்குப் 'பருத்திப்பட்டு ஏரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பந்து ஏரியில் விழுந்தால் த்ரோ. இது எங்கள் உள்ளூர்ச் சட்டம், ஃபிஃபாவுக்குத் தெரியாது.

நான் பி.டி. டீச்சர். இருபத்தைந்து வருடங்களாகப் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். போன வாரம் பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்கும்போது எங்கள் கீப்பர், ஒன்பதாவது படிக்கிறவள், கேட்டாள்: "மிஸ், ஆசியக் கோப்பையில நம்ம குரூப்ல யாருலாம் இருக்காங்க?"

"ஜப்பான், வியட்நாம், சீன தைபே."

"தைபேன்னா?"

தைவான்தான். சர்வதேசப் போட்டிகளில் அந்தப் பெயரில் ஆட விடுவதில்லை என்பதால் சீன தைபே. முதலில் இவ்வளவு மட்டும் அவளிடம் சொன்னேன். மீதியைச் சொல்ல வேண்டுமானால் 1986-இலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவுக்கு டேங்க் ஃபேக்டரியில் வேலை. ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி என்று யாரும் சொல்வதில்லை, ஆவடிக்காரர்களுக்கு அது டேங்க் ஃபேக்டரிதான். குவார்ட்டர்ஸில் பாதித் தெரு மலையாளிகள். அந்த வருடம் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் காட்டியது. பக்கத்து வீட்டு மாமா கோழிக்கோட்டுக்காரர். நடுராத்திரியில் அவர் வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்து மரடோனாவைப் பார்த்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. "பொம்பளைங்க இத ஆட மாட்டாங்களா மாமா?" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல ஆடியாச்சு மோளே. இந்தியா ஃபைனல் வரைக்கும் வந்துச்சு" என்றார்.

என்னை ஏமாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். வெகுகாலம் கழித்துத் தேடிப் பார்த்தபோது அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

பெண்களுக்கான ஆசியப் போட்டி 1975-இல் ஹாங்காங்கில் தொடங்கியது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அப்போது பெண்கள் ஆட்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆசியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு என்று தனியாக ஒரு அமைப்பு இதை நடத்தியது. பெரிய கூட்டமைப்பு சீனாவைச் சேர்த்துக்கொண்டு தைவானை வெளியே தள்ளியிருந்த காலம் அது. இந்தத் தனி அமைப்பில் தைவான் பெண்கள் ஆட முடிந்தது. ஆடியது மட்டுமா, அடுத்தடுத்து மூன்று கோப்பைகளை அள்ளினார்கள். அதில் நடுவிலுள்ளது 1979-க்கான போட்டி. நடந்தது 1980 ஜனவரியில், கோழிக்கோட்டில்.

அதில் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது: இந்தியா எஸ், இந்தியா என். ஆஸ்திரேலியாவிலிருந்து நாட்டு அணிக்குப் பதிலாக மேற்கு ஆஸ்திரேலியா மாநில அணி வந்தது. பள்ளி டோர்னமென்ட்டில் ஆள் சேர்க்கிற மாதிரி என்று எனக்குத் தோன்றும், ஆனால் அப்படிச் சேர்த்ததால்தான் போட்டியே நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா எஸ் அணியைத் தைவான் 2-0 என்று வென்றது. 1981-இல் நமக்கு மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில் மறுபடி இறுதி ஆட்டம், தாய்லாந்திடம் தோல்வி. அந்த வருடம் சாந்தி மல்லிக்குக் கிடைத்த அர்ஜுனா விருது, கால்பந்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த முதல் அர்ஜுனா.

நான் மரடோனாவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே 1986-இல் சீனா முதல் முறையாக ஆசியக் கோப்பையை வென்றது. 1999 வரை அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் பெண்கள் உலகக் கோப்பையே 1991-இல் சீனாவில்தான் நடந்தது. நாம் எதிர்த்திசையில் நடந்தோம். பெண்கள் கால்பந்தை நடத்திய தனிச் சம்மேளனம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தில் கரைந்தது. கரைந்த பிறகு, கேட்க ஆளில்லாத பிள்ளை மாதிரி ஆனது பெண்கள் அணி. 2009-இல் பல மாதங்களாக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாததால் ஃபிஃபா தரவரிசையிலிருந்தே இந்தியாவின் பெயர் நீங்கியது. கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பட்டியலிலேயே பெயர் இல்லை.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நான் கல்லூரியில் படித்தபோது மாவட்ட அளவிலான மேட்ச் ஒன்றுக்குப் பெண்கள் அணிக்குக் கிடைத்தவை, பையன்கள் போட்டுக் கழித்த ஜெர்சிகள். ஸ்டட்ஸ் கிடையாது. கேன்வாஸ் ஷூவில்தான் ஆடினோம். எனக்குக் கிடைத்த ஜெர்சியின் கைகளை இரண்டு முறை மடித்துவிட்டேன்.

இப்போது தைவானிடம் திரும்பி வருகிறேன். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று இல்லை. முதல் ஆட்டம் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் ஈரானோடு, 0-0. நம்மூர் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் இருந்தார். கடலூர் மாவட்டத்துப் பெண், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். தமிழ்நாட்டின் மாரியம்மாளும் இருந்தார். இரண்டாவது ஆட்டம் ஜனவரி 23, சீன தைபேயோடு. நான் மதியமே வீட்டு வேலையை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஆட்டம் நடக்கவில்லை. அணிக்குள் கொரோனா பரவி, விதிப்படி தேவையான 13 பேரைக்கூட இறக்க முடியவில்லை. இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாக முடிவானது. ஈரானோடு ஆடிய ஆட்டத்தையும் செல்லாது என்று அழித்துவிட்டார்கள். நம் ஊரில் நடந்த திருவிழாவில் நாம் ஆடியதற்கு ஒரு புள்ளிகூடப் பதிவில் இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே மைதானத்தில் சீனா கோப்பையைத் தூக்கியது. நான் அந்த ஃபைனலைப் பார்க்கவில்லை.

அதனால்தான் 2025 ஜூலை 5 எனக்கு முக்கியமான நாள். தாய்லாந்தின் சியாங் மாயில், ஆஸ்திரேலியாவில் நடக்கும் அடுத்த ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0. மங்கோலியா ஆட்டத்தில் பியாரி ஸாக்ஸா மட்டும் ஐந்து கோல். கூட்டிப் பாருங்கள்: 22 கோல், வாங்கியது ஒன்றுமில்லை. தாய்லாந்தும் மூன்று ஆட்டங்களிலும் வென்று, அதே ஒன்பது புள்ளி, அதே 22 கோல் வித்தியாசத்தில் நின்றது. கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும். ஜெயிப்பவருக்கு மட்டுமே ஆஸ்திரேலியா.

சங்கீதா பாஸ்ஃபோர் முதல் பாதியில் ஒரு கோல் அடித்தார். வங்காளத்தின் கல்யாணியைச் சேர்ந்தவர், எல்லைக் காவல் படைகளில் ஒன்றான எஸ்.எஸ்.பி.யில் வேலை. நடுக்களத்தில் ஆடுகிறவர், கோலுக்காகப் பேர் வாங்கியவர் இல்லை. இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்திலேயே தாய்லாந்து சமன் செய்தது. 74-ஆவது நிமிடம் மறுபடி சங்கீதா. 2-1. தமிழ்நாட்டுக் கார்த்திகா அங்கமுத்துவும் அந்தப் பயண அணியில் இருந்தவர். தகுதிச் சுற்று ஆடி இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இதுவே முதல் முறை. 2022-க்கு முன் 2003-இல் ஆடியபோது தகுதிச் சுற்று என்ற ஒன்றே கிடையாது.

மறுநாள் காலை கிரவுண்டுக்கு வந்த பிள்ளைகளில் நான்கு பேர்தான் மேட்ச் பார்த்திருந்தார்கள். பார்க்காதவர்களுக்கு அந்த நான்கு பேரும் சங்கீதாவின் இரண்டாவது கோலை நடித்துக் காட்டினார்கள். சைக்கிள் கீழே விழுந்தது.

2026 மார்ச் 1 முதல் 21 வரை சிட்னி, பெர்த், கோல்ட் கோஸ்ட் நகரங்களில் போட்டி. 12 அணிகள், மூன்று குரூப். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களோடு, மூன்றாம் இடத்தவர்களில் மேலான இருவரும் காலிறுதிக்குப் போவார்கள். அரையிறுதியைத் தொட்ட நான்கு அணிகளுக்கும் 2027 பிரேசில் உலகக் கோப்பையில் நேரடி இடம். காலிறுதியில் தோற்ற நால்வர் தங்களுக்குள் ஆட, ஜெயிக்கும் இருவருக்கும் இடம் உண்டு. தோற்ற இருவருக்கும்கூடக் கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப் மிச்சமிருக்கிறது. ஆக, குரூப்பில் ஒரு வெற்றி கிடைத்தாலே கணக்கு உயிரோடு இருக்கும். ஜப்பான் 2011-இன் உலகச் சாம்பியன், அதைப் பற்றி ஆசை வளர்ப்பதில் அர்த்தமில்லை. வியட்நாம் 2023 உலகக் கோப்பை ஆடிய அணி. மார்ச் 4 வியட்நாமோடும் 7 ஜப்பானோடும் பெர்த்தில் ஆடுகிறோம். கோழிக்கோட்டுக்கு வந்த அந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் பெர்த்தான் என்பதை மாமா இருந்திருந்தால் முதலில் சொல்லியிருப்பார்.

மார்ச் 10 சிட்னியில், சீன தைபே.

இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லி முடிக்கும்போது இருட்டிவிட்டது. கீப்பர் கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பத்தாம் தேதி என்ன கிழமை மிஸ்?"

"செவ்வாய்."

"ஸ்கூல் இருக்குமே. எத்தன மணிக்கு?"

சிட்னி கடிகாரம் மார்ச்சில் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே ராத்திரி மேட்ச் என்றால் இங்கே மத்தியானம், வகுப்பு நேரம். பரீட்சைக் காலம் வேறு.

"ஹைடெக் லேப்ல போடலாம்ல மிஸ்? பெரிய ஸ்கிரீன்."

லேப் சாவி எச்.எம். மேடத்திடம் இருக்கிறது. திங்கட்கிழமை கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.