ஒரு பிராசஸர், இரண்டு ஹைப்பர்வைசர்

விண்டோஸ் ஓடும் சின்ன டெஸ்க்டாப்பில் லினக்ஸையும் பழக ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவுவார்கள். கணினிக்குள் அது ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கித் தரும். லினக்ஸும் அதைத் தனக்கென அமைந்த முழுக் கணினி என்றே நம்பி இயங்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இந்த ஏற்பாடு திடீரென்று மந்தமாகிவிடுவது உண்டு. உடனே ரேம் போதவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடிப்பட்டையில் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமைப் படம் தெரிந்தால், கோளாறு வேறு.

மெய்நிகர் கணினிகளுக்கென்றே பிராசஸரில் ஒரு வசதி இருக்கிறது. இன்டெல் 2005-இல் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி 2006-இல் ஏஎம்டி-வி என்றும் கொண்டுவந்தது இதைத்தான். இந்த வசதியை ஆளும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். ஒரு நேரத்தில் ஒன்றுதான் அதை நேரடியாக ஆள முடியும். விண்டோஸின் ஹைப்பர்-வி, கணினி பூட் ஆகும்போதே அதைக் கைப்பற்றிவிடும். பிறகு வரும் விர்ச்சுவல்பாக்ஸ், எதற்கெடுத்தாலும் வீட்டுக்காரரிடம் கேட்டே செய்ய வேண்டிய குடித்தனக்காரர் நிலைக்கு வந்துவிடும். 2018-இல் 6.0 பதிப்பு வரும்வரை அதற்கு அந்த இடமும் கிடையாது. அப்போதெல்லாம் ஹைப்பர்-வி இருந்தால் மெய்நிகர் கணினி தொடங்கவே தொடங்காது.

‘நான் ஹைப்பர்-வியை நிறுவவே இல்லையே’ என்பீர்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், பாதுகாப்புப் பகுதியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி ஆகிய மூன்றுக்கும் அடித்தளம் அதுவே. சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து சுருக்கப் பட்டியலின் கடைசிக்குப் போனால், ஹைப்பர்வைசர் ஒன்று இயங்குவதாக எழுதியிருப்பது தெரியும்.

‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றின் டிக்கை எடுத்து, மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து திரும்பப் போட்டால் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் பழைய நிலையின் ஒரு பகுதி அப்படியே மீண்டு வரும்.

மெமரி இன்டெக்ரிட்டி, தீய நிரல்கள் கெர்னலுக்குள் நுழைவதைத் தடுக்கும் காவல். வேகத்துக்காக அதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். லினக்ஸ் கட்டளைகளைப் பழகுவதுதான் நோக்கம் என்றால் அந்த விலை தேவையே இல்லை. டபிள்யூஎஸ்எல் 2-க்குள் இருப்பதும் உண்மையான லினக்ஸ் கெர்னல்தான்.