எத்தனை வாட் வேண்டும்?

உங்கள் வீட்டில் ஸ்டீரியோ அமைக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுடன் நீங்களும் கடைக்குப் போகிறீர்கள். ஒரு பெட்டியின் மேல் "3000 வாட் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் "சேனலுக்கு 40 வாட் ஆர்.எம்.எஸ்." என்று மட்டும் இருக்கிறது. விலையோ முதலாவதைவிடக் கூடுதல்! எதை வாங்குவது? பள்ளியில் படித்த இயற்பியல் இங்கே கைகொடுக்குமா? கொடுக்கும், வாருங்கள்.

பெருக்கியின் வேலை

தொலைக்காட்சியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ வரும் மின்குறிப்பு மிகவும் வலுக் குறைந்தது. ஸ்பீக்கரின் கூம்பை அசைக்க அதனால் முடியாது. திறன்பெருக்கி, அதாவது பவர் ஆம்ப்ளிஃபயர், வீட்டு மின்சாரத்திலிருந்து சக்தியை எடுத்து, அந்தக் குறிப்பின் வடிவத்திலேயே ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திருகும் கை சிறியது. பாயும் நீர் ஏரியினுடையது. ஏரியில் இல்லாத நீரை எந்த மதகாலும் தர முடியாது.

3000 வாட் உண்மையா?

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்பது நீங்கள் அறிந்த விதிதான். 3000 வாட் தொடர்ந்து வெளியே வரவேண்டுமானால் குறைந்தது 3000 வாட்டாவது உள்ளே போகவேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தில் அதற்கு 13 ஆம்பியர் தேவை. அந்தப் பெட்டியின் மெல்லிய கம்பியையும் 6 ஆம்பியர் பிளக்கையும் பாருங்கள். அதன் வழியே அதிகபட்சம் 230 × 6 = 1380 வாட்தான் போகலாம்! பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் மின்செலவு பெரும்பாலும் இதைவிடவும் மிகக் குறைவாகவே இருக்கும்.

அப்படியானால் 3000 எங்கிருந்து வந்தது? மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கண்ணிமைக்கும் நேரம் வெளிவிட்டால் கிடைக்கும் உச்சத்தைக் கணக்கிட்டு, எல்லாச் சேனல்களையும் கூட்டிச் சொல்லும் எண் அது. இதை அளக்க அனைவரும் ஒப்புக்கொண்ட முறை ஏதுமில்லை. தொடர்ந்து தரக்கூடிய திறனே நமக்கு வேண்டியது. பெட்டிகளில் ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிடுவது இதைத்தான். அமெரிக்காவில் இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே 1974-இல் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுப் பெருக்கிகளின் தொடர்திறனை விளம்பரத்தில் சொல்லவேண்டும் என்பது அந்த விதி.

நமக்கு எவ்வளவு போதும்?

இதற்கு ஸ்பீக்கரைத்தான் முதலில் கேட்கவேண்டும். ஒவ்வொரு நல்ல ஸ்பீக்கரின் குறிப்பேட்டிலும் "உணர்திறன்" என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலி கேட்கும் என்பதே அது. மூன்று விதிகளை நினைவில் வைத்தால் போதும்.

1. திறன் இரு மடங்கானால் 3 டெசிபெல் கூடும்.
2. திறன் பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். நம் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு உரக்கக் கேட்கும்.
3. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் 6 டெசிபெல் குறையும்.

ஸ்பீக்கரின் உணர்திறன் 88 டெசிபெல். நீங்கள் உட்காருவது 2 மீட்டர் தள்ளி. 1 வாட்டுக்கு உங்களுக்குக் கேட்பது 82 டெசிபெல். சாதாரணமாகப் பாட்டுக் கேட்க 75 டெசிபெல் தாராளம். அதற்குத் தேவை 0.2 வாட்தான்! வியப்பாக இருக்கிறதல்லவா?

ஆனால் மிருதங்கத்தின் ஓர் அடியோ, திரைப்படத்தில் ஒரு வெடிச் சத்தமோ சராசரியைவிட 20 டெசிபெல் உயரலாம். அப்போது 95 டெசிபெல் வேண்டும். 82-க்கு மேல் 13 டெசிபெல் என்றால் 10 × 2 = 20 வாட். சேனலுக்கு 40 வாட் பெருக்கி இதை எளிதில் சமாளிக்கும். அறைச் சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலியும், இரண்டாவது ஸ்பீக்கரும் நமக்கு மேலும் உதவியே செய்யும்.

திறன் போதாவிட்டால்?

பெருக்கி தன் மின்னழுத்த எல்லையைத் தொட்டதும் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. வட்டமான அலை சதுரமாகிறது. ஓசை கரகரக்கும், அதுமட்டுமல்ல, அதே உச்சமுள்ள சதுர அலையில் சைன் அலையைப்போல் இரு மடங்கு திறன் உண்டு. உயர்சுருதி ஸ்பீக்கரின் மெல்லிய கம்பிச்சுருள் இந்த வெப்பத்தில் கருகிவிடலாம். எனவே கரகரப்புக் கேட்டால் உடனே ஒலியைக் குறையுங்கள்.

ஓம் அளவையும் பாருங்கள்

8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட் கொடுத்தால் 2.5 ஆம்பியர் பாயும். திறன் 50 வாட். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் 5 ஆம்பியர், திறன் 100 வாட். 8 ஓமுக்கென்று செய்த பெருக்கி இதனால் சூடேறிக் கெடலாம். பெருக்கியின் பின்புறம் அனுமதித்துள்ள ஓம் அளவுக்குக் கீழே போகவே கூடாது.

வீட்டுத் திரையரங்கு என்றால் 5.1 என்பார்கள். ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஓசைக்கு மட்டும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்தது அது. சப்வூஃபருக்குள் பெரும்பாலும் தனிப் பெருக்கி இருக்கும். மற்ற ஐந்துக்கு "சேனலுக்கு 80 வாட்" என்று அச்சிட்டிருந்தால், இரண்டு சேனல்கள் இயங்கும்போது அளந்ததா, ஐந்தும் சேர்ந்து இயங்கும்போது அளந்ததா என்று கேளுங்கள். மின்வழங்கி ஒன்றே; அதை ஐந்து பேர் பங்கு போடவேண்டுமே!

ஒன்றை மறக்காதீர்கள். பெருக்கி கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால் வாங்க முடியாது. 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும்.

இப்போது நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். உணர்திறன் 85 டெசிபெல். தூரம் 2 மீட்டர். உச்சம் 95 டெசிபெல். எத்தனை வாட் வேண்டும்? 40 என்று விடை வந்தால், அப்பாவுடன் தைரியமாகக் கடைக்குப் போகலாம்!