நரைக்காத மனிதர்

என்றும் பதினாறு என்றதும் மார்க்கண்டேயர் நம் நினைவுக்கு வருவார். 2004 முதல் 2010 வரை அமெரிக்க ரெலிவிஷனில் ஒளிபரப்பான ‘லொஸ்ற்’ என்னும் மர்மத் தொடரிலோ, நடுவயதிலே நின்றுவிட்ட ஒருவரைக் காண்கிறோம். றிச்சட் அல்பேட் என்பது அவர் பெயர். விமான விபத்திலே தப்பியோர் ஒதுங்கிய தீவில், அவர்களுக்கு முன்பே குடியிருந்த கூட்டத்தாருள் ஒருவர்.

அக்கூட்டத்தின் தலைவன் பென். அவனுடைய சிறுபிராயம் 2007இல் ஒரு பகுதியிலே காட்டப்பட்டது. அச்சிறுவன் காட்டினுள்ளே சந்திக்கும் றிச்சட், தலைமயிர் நீண்டிருத்தலன்றி வேறு மாற்றம் எதுவுமின்றி நிற்கிறார்! சிறுவன் வளர்ந்து நடுவயதினன் ஆகிவிட்டான். றிச்சட்டின் முகத்திலோ ஒரு சுருக்கந்தானும் விழவில்லை. இரசிகர்களின் ஆராய்ச்சி சூடுபிடித்தது.

காலத்தைக் கடந்து பயணஞ் செய்பவர் என்றனர் சிலர். மைதீட்டியன போன்ற அவர் கண்களையும் தீவிலிருந்த எகிப்தியச் சித்திர எழுத்துக்களையும் பொருத்திப் பார்த்து, பண்டை எகிப்தியரே என்றனர் வேறு சிலர். (தம் இமைமயிர் இயல்பாகவே கறுத்து அடர்ந்தது என்று நடிகர் நெஸ்ரர் கார்பொனெல் கூறியும் பயனில்லை.) பெயரைத் துருவியோரும் உளர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்து, 1967இல் இந்தியா சென்று ராம் தாஸ் ஆனவரின் இயற்பெயரும் றிச்சட் அல்பேட் அன்றோ?

நுணுகிப் பார்த்தோர், காட்டின் நடுவே கிடந்த ‘பிளாக் றொக்’ என்னும் பழைய கப்பலிலே அடிமையாய் வந்தவர் என்றனர். 2009இல் அவர் குப்பியொன்றினுள் சிறு கப்பல் செய்துகொண்டிருந்த காட்சி அவர்களுக்குச் சான்றாயிற்று.

2010 மார்ச்சில் விடை கிடைத்தது. ஆண்டு 1867, இடம் கனேரித் தீவுகளுள் ஒன்றாகிய தெனெரீபே. நோயுற்ற மனைவி இஸபெல்லாவுக்கு மருந்து வேண்டிச் சென்ற ஏழை, கைகலப்பில் வைத்தியரைக் கொன்றுவிடுகிறான். மனைவியும் இறக்கிறாள். பாதிரியார் பாவமன்னிப்பு அளிக்க மறுக்கிறார். விலங்கோடு கப்பலேற்றப்பட்டுத் தீவையடைந்தவன், அங்கே வரமளிக்க முன்வந்த ஜேக்கப்பிடம் மனைவியைக் கேட்கிறான், இயலாது. பாவமன்னிப்பைக் கேட்கிறான், அதுவும் இயலாது. இறந்தால் நரகம் என்ற அச்சத்தினால், இறவாமையைக் கேட்கிறான். அது மட்டும் கிடைக்கிறது.

கப்பற் கட்சியார் வென்றனர். ஆயினும், எவ்வாறு மூப்படையாதிருக்கிறார் என்பதைப் பற்றியே அத்தனை வாதமும் நிகழ்ந்தது. எதற்காக அவ்வரத்தை வேண்டினார் என்பதன்றோ கதையின் உயிர்! அவ்வரமே பின்னர்ப் பெருஞ்சுமையாகி, தம் கையால் மாளவும் இயலாது, வெடிமருந்துத் திரியைக் கொளுத்துமாறு பிறரை இரந்து நிற்கிறார்.

மே மாதத்து இறுதிப் பகுதியிலே, தோழர் ஒருவர் றிச்சட்டின் தலையில் ஒரு நரைமயிரைக் கண்டு காட்டுகிறார். நூற்றாண்டுக்கு மேலாக மூப்பறியாதிருந்த அம்மனிதர் அதைப் பார்த்து முகமலர்ந்து, தமக்கு வாழ விருப்பம் என்கிறார்.