கோவிட் விட்டுச்சென்ற மிச்சமும் நாம் சுவாசிக்கும் காற்றும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில், ராக்கெட் எஞ்சின்களை இயக்கிச் சோதிப்பதற்கென்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்து வைக்கும் திரவ ஆக்ஸிஜன், 2021-ஆம் ஆண்டின் கோடையில் டேங்கர் லாரிகளில் ஏறித் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருந்த ஆஸ்பத்திரிகளை நாடிச் சென்றது. அந்நாட்களில் ஒரு படுக்கைக்காகவும் ஒரு சிலிண்டருக்காகவும் தாமிரபரணிக் கரையின் எத்தனையோ குடும்பங்கள் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. ஆனால், அந்தப் படுக்கையிலிருந்து எழுந்து வீடு திரும்பியவர்களுக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்று கேட்பார் அருகிவிட்டனர். சர்வதேச அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்ததை, வியாதியே முடிந்தது என்று ஜனங்கள் பொருள்கொண்டுவிட்டார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாட்டின் 31 ஆஸ்பத்திரிகளில் கோவிடுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 14,419 பேரை ஓராண்டுக் காலம் தொடர்ந்து விசாரித்தபோது, அவர்களில் 6.5 சதவீதத்தினர் அந்த ஓராண்டு முடிவதற்குள்ளேயே மரித்திருந்ததையும், 17.1 சதவீதத்தினர் களைப்பு, மூச்சிரைப்பு, மனம் ஒரு விஷயத்தில் நிலைகொள்ளாமை முதலிய உபாதைகளால் வருந்தியதையும் கண்டறிந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள், நோயிலிருந்து மீண்ட 207 பேரின் சுவாசகோசங்களைப் பரிசோதித்தார்கள். பிராணவாயுவை இரத்தத்துக்குள் கடத்தும் திறன் 44 சதவீதத்தினருக்குக் குறைந்திருந்தது. 35 சதவீதத்தினருக்கு நுரையீரல் முழுமையாக விரிய மறுத்தது. ஐரோப்பியரிடத்தும் சீனரிடத்தும் காணப்பட்ட சேதத்தைவிட நம்மவரிடத்தில் காணப்பட்டது அதிகம் என்பது அந்த ஆய்வின் முடிவுகளுள் ஒன்று.

நுரையீரலோடு நின்றிருந்தாலும் ஒருவாறு ஆறுதல் கொள்ளலாம். இவ்வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏஸ்-2 என்னும் புரதம், இருதயம், சிறுநீரகம், குடல், இரத்தக் குழாய் என்று தேகத்தின் பல உறுப்புகளிலும் உண்டு. ஆகவே, மூக்கின் வழியாக உள்ளே புகுந்த இந்நோய் இரத்தக் குழாய்களின் உட்சுவரை அழற்சியுறச் செய்து, இரத்தம் உறையும் இயல்பையே மாற்றிவிடக்கூடியதாக இருக்கிறது. அமெரிக்காவில் கோவிட் கண்ட 1,53,760 முன்னாள் படைவீரர்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நோய் வந்து ஓராண்டுக்குள் மாரடைப்பின் அபாயம் 63 சதவீதமும் பக்கவாதத்தின் அபாயம் 52 சதவீதமும் மிகுந்திருந்ததாகக் கூறியது. அவர்களுட் பெரும்பாலோர் வயது சென்ற ஆடவர் என்பதால் அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது என்றாலும், ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டிலிருந்து குணமடைந்தவர்களிடத்தும் அபாயம் கூடியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அதே ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரை வியாதி புதிதாகத் தோன்றும் அபாயம் 40 சதவீதம் உயர்ந்ததையும் எடுத்துக்காட்டினார்கள். வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினர் ஏற்கெனவே சர்க்கரை வியாதியுடையோராயிருக்கும் தமிழ்நாட்டில் இது அற்ப விஷயமன்று.

தொற்றுக் கண்டு மூன்று மாதங்களுக்குப் பின்னும் தொடர்வதும், குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிப்பதும், வேறு காரணம் சொல்ல முடியாததுமான உபாதைகளை நீள் கோவிட் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதன் கொடிய முகம், உழைத்த அன்றைக்கு அல்லாமல், மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து ஆளைச் சாய்க்கும் தளர்ச்சி. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒரு பெண்மணிக்கு இது வாய்த்தால், எந்த மருத்துவச் சான்றிதழும் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு வாங்கித் தராது. சுற்றிய பீடியின் எண்ணிக்கை குறையும், கூலி குறையும், “ஒரு சோலியும் பார்க்க முடியல, மேலெல்லாம் ஓஞ்சு வருது” என்று அவர் சொல்வதை வயதின் கோளாறென்றோ சோம்பலென்றோ வீட்டாரே தள்ளிவிடுவர். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வாசற்படிக்கே வரும் பணியாளர்கள், மூச்சைப் பற்றியும் தளர்ச்சியைப் பற்றியும் இரண்டே கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால், எங்கும் பதிவாகாத இத்துன்பம் கணக்கிலாவது ஏறும் என்பது என் அபிப்பிராயம்.

இளவயதினர் திடீரென்று மரிப்பதற்குத் தடுப்பூசியே காரணம் என்ற பேச்சு நம் டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் இன்றும் நடமாடுகிறது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், அவ்வாறு மரித்த 18 முதல் 45 வயது வரையிலான 729 பேரை, உயிரோடிருந்த 2,916 பேரோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கோவிடுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்தவர்களுக்கோ அது இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. பழி ஓரிடமும் பாவம் ஓரிடமுமாகப் போன கதைதான் இது.

தடுப்பூசி மரணத்தைத் தடுப்பதில் வல்லது. தொற்றைத் தடுப்பதில் அத்தனை வல்லதன்று. தொற்று திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் அபாயம் புதிதாகச் சேர்கிறது என்பதும், நீள் கோவிடுக்கு நிச்சயமான மருந்து இன்னும் அகப்படவில்லை என்பதும் ஒருங்கே உண்மையாயிருக்கையில், வராமல் காத்துக்கொள்வதே மலிவான சிகிச்சையாகிறது. எங்ஙனம் காத்துக்கொள்வது என்னும் இடத்தில்தான், தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பழைய அனுபவம் ஒன்று நமக்கு வழிகாட்டவும் செய்கிறது, வழி மறிக்கவும் செய்கிறது.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளைப் பாழாக்கியதும், இன்றைய பார்வையில் மலேரியா என்றே கருதத்தக்கதுமான கொள்ளைக் காய்ச்சலைக் குறித்து, ஒயிட்லா ஐன்ஸ்லி முதலிய வைத்தியர்கள் அடங்கிய குழு எழுதிய அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சேறியது. அக்காலத்து வைத்திய சாஸ்திரம் அத்தகைய காய்ச்சலுக்கெல்லாம் சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றையே குற்றஞ்சாட்டியது. கொசுவே குற்றவாளி என்று ரொனால்டு ராஸ் 1897-98-இல் நிரூபித்தார். அதற்கு முன்பே, காலராவின் கிருமி நீரில் வாழ்வதை ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் கண்டுபிடித்திருந்தார். “பேதியில போவான்” என்ற வசவு நெல்லைத் தெருக்களில் வழங்குமளவுக்கு ஜனங்களை வாரிக்கொண்டு போன அந்நோய், நீரைக் காய்ச்சியும் குளோரின் கலந்தும் குழாயில் அனுப்பியும் ஒடுக்கப்பட்டது. 2023 டிசம்பரில் தாமிரபரணியின் பெருவெள்ளம் வடிந்தபோது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி ஒருவருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

நீரின் விஷயத்தில் கிடைத்த அந்த வெற்றி, காற்றின் மேல் இருந்த பழைய சந்தேகத்தையும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிட்டது. அதன் விளைவாக, 2020 மார்ச் மாதத்தில் கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. நாமும் கைகளைத் தேய்த்துக் கழுவினோம், காய்கறிகளைக் கழுவினோம், தெருவெங்கும் கிருமிநாசினி தெளித்தோம். அதே மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓர் அறைக்குள் இரண்டரை மணி நேரம் கூடிப் பாடிய 61 பேரில் 53 பேர் நோயாளிகளாயினர், இருவர் மாண்டனர். 239 விஞ்ஞானிகள் ஜூலையில் பகிரங்கக் கடிதம் எழுதி வற்புறுத்திய பின்னரே கொள்கை மெல்ல மாறத் தொடங்கியது. மூடிய அறையில் ஒருவர் பீடி குடித்துவிட்டு எழுந்து போன பின்னும் புகை அங்கேயே சுழன்றுகொண்டிருப்பதைப்போல, நோயாளியின் மூச்சில் வரும் நுண்துளிகள் மணிக்கணக்கில் மிதக்கின்றன. ஆறடி இடைவெளி அதற்கு அரணாகாது.

இதை அறிந்து பார்க்கையில், நம் முன்னோர் கட்டிய வீடுகளின் அமைப்பு மேலும் மதிப்புப் பெறுகிறது. கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் தெருத் திண்ணையிலிருந்து தார்சா, பட்டாசல், முற்றம், அடுக்களை என்று புறவாசல்வரை நேர்கோட்டில் திறந்துகிடக்கும் வீட்டுக்குள், பொதிகையிலிருந்து வரும் காற்று ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியேறுகிறது. இன்றோ, ஆயிரம் பேர் கூடும் கல்யாண மண்டபத்தைக் குளிர்சாதனம் வைத்து அடைத்துவிடுகிறோம். அக்கருவிகளிற் பெரும்பாலானவை உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்பத் திரும்பச் சுழலவிடுவன. நான்கு ரத வீதிகளில், திறந்த வானத்தின் கீழ் ஓடும் நெல்லையப்பர் ஆனித் தேரை 2020-லும் 2021-லும் நிறுத்தி வைத்த நாம், அதனினும் அபாயமான அடைத்த மண்டபத்தின் காற்றைப் பற்றி இன்றுவரை போதிய கவனம் செலுத்தவில்லை.

வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேலாக இருக்கிறது. நாம் விடும் மூச்சிலோ அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. ஆகையால், ஓர் அறையில் அது ஆயிரத்தைத் தாண்டினால், அங்கிருப்போர் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெளிவு. சன்னலைத் திறப்பதும், காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்துவதும், புறநோயாளிகள் கூடத்தில் வைத்தியரும் நோயாளியும் என்-95 முகக்கவசம் அணிவதும், காய்ச்சல் கண்ட குழந்தையை வருகைப் பதிவேட்டுக்குப் பயந்து பள்ளிக்கு அனுப்பாதிருப்பதும், காசநோயையும் இன்ஃபுளுவென்சாவையும் சேர்த்தே தடுப்பவை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் வழங்குமுன் கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புச் சான்றும் சுகாதாரச் சான்றும் கேட்கிற அரசு, காற்றோட்டச் சான்று ஒன்றையும் கேட்க வேண்டும். அளக்கும் கருவியின் விலை சில ஆயிரம் ரூபாய். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை, ஒன்றியத்துக்கு ஒரு கருவியாகச் சுற்றுக்கு விட்டாலும், ஒரு கல்வியாண்டுக்குள் எந்த வகுப்பறைக்குச் சன்னல் போதாது என்ற பட்டியல் கைக்கு வந்துவிடும்.