தொடர்புப் பொறியியலுக்கு எந்தப் புத்தகம்? வாங்குவதற்கு முன் ஐந்து சோதனைகள்



பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் மின்னணுவியல் படிக்கும் நம் முன்னாள் மாணவர்கள், தொடர்புப் பொறியியல் பாடம் தொடங்கியதும் புலனத்தில் கேட்பது இதுதான்: "டீச்சர், எந்த புக்கு வாங்கலாம்?" நமக்கும் அது நேரடிப் பாடம் இல்லை. "பெரிய புத்தகமா பார்த்து வாங்குப்பா" என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்லிவிடக் கூடாது. தகுதிக்கு இரண்டு படி மேலே உள்ள புத்தகத்தை வாங்கிய மாணவர், "இது என் மண்டையில ஏறல, இந்தத் துறை எனக்கு ஒத்து வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார். பழி புத்தகத் தேர்வின் மேல் விழ வேண்டியது. விழுவது அவருடைய தன்னம்பிக்கையின் மேல். ஆகவே கீழ்க்காணும் ஐந்து சோதனைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

1. பாடம் எந்த வகை?

ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, வானொலி அனுப்பி, வாங்கி, ஆண்டெனா போன்ற கருவிகளும் சுற்றுகளும். வெய்ன் டோமாசி, லூயிஸ் ஃபிரென்சல் ஆகியோரின் நூல்கள் இதற்கு ஏற்றவை. கணிதம் குறைவு, படங்கள் அதிகம். டிப்ளோமா மாணவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். இரண்டாவது, சமிக்ஞை, பண்பேற்றம் (மாடுலேஷன்), இரைச்சல் பற்றிய கணிதக் கோட்பாடு. பட்டப்படிப்பில் பெரும்பாலும் இதுதான். பி.பி. லாத்தி, சைமன் ஹேக்கின் ஆகியோரின் நூல்கள் இந்த வகை. மூன்றாவது, கணினி வலையமைப்பு. அதற்கு ஃபொரூசான் எழுதியது போன்ற நூல் வேண்டும். விரிவுரையாளர் கொடுத்த பாடத்திட்டத்தையும் நூலின் பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதித் தலைப்புகள்கூட ஒத்துப் போகவில்லை என்றால், அது எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

2. கணிதம் எங்கே நிற்கிறது?

எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் திரிகோணமிதி, வகையிடல், தொகையிடல், நிகழ்தகவுப் பரவல் எல்லாம் உண்டு. கலப்பெண் அதில் இல்லை, எஸ்.டி.பி.எம். கணிதத்தில் வருகிறது. ஃபூரியர் முறையைக் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். ஆகவே நூல் எதை முதலில் எதிர்பார்க்கிறது என்பது முக்கியம். லாத்தியின் நூல், பண்பேற்றத்தை முதலில் சொல்லிக் கொடுத்துவிட்டு, நிகழ்தகவைப் பின்னால் வைத்திருக்கிறது. ஹேக்கின் நூலின் நான்காம் பதிப்பு முதல் அத்தியாயத்திலேயே தற்போக்குச் செயல்முறைகளில் இறங்கிவிடும். இரண்டும் தரமான நூல்கள்தான். நிகழ்தகவில் தடுமாறும் மாணவருக்கு முதலாவது வழி எளிது. புரோகிஸ் எழுதிய இலக்கமுறைத் தொடர்பு நூல் புகழ் பெற்றது, ஆனால் அது மேற்பட்டப்படிப்பு நிலை. "எல்லாரும் சொல்றாங்க" என்று முதல் நூலாக அதை வாங்க வேண்டாம்.

3. ஒரு தலைப்பு, பதினைந்து நிமிடம்

நூலகத்தில் உட்கார்ந்து, மாதிரி எடுத்தல் அத்தியாயத்தைத் திறந்து படியுங்கள். தொலைபேசிக் குரலை ஒரு நொடிக்கு 8,000 முறை மாதிரி எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பிட். ஆக நொடிக்கு 64,000 பிட். இந்தக் கணக்கு எல்லா நூலிலும் வரும். ஏன் 8,000? குரலின் உச்ச அதிர்வெண் சுமார் 3,400 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கான 6,800-க்கு மேல் எடுக்க வேண்டும் என்பதால். இந்த "ஏன்" உங்களுக்குப் புரிகிற மாதிரி எந்த நூல் சொல்கிறதோ, அதுதான் உங்கள் நூல். வாய்பாட்டை மட்டும் கட்டம் போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்தால், தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே சிக்கிக் கொள்வீர்கள்.

4. பயிற்சியும் விடையும்

தீர்த்துக் காட்டிய கணக்கு ஒன்றை எடுங்கள். விடையைத் தாளால் மூடிவிட்டு நீங்களே செய்யுங்கள். உதாரணத்துக்கு, பண்பலை வானொலியில் அதிர்வெண் விலகல் 75 கிலோஹெர்ட்ஸ், ஒலியின் உச்சம் 15 கிலோஹெர்ட்ஸ். கார்சன் விதிப்படி இரண்டையும் கூட்டி இரட்டிப்பாக்கினால் 180 கிலோஹெர்ட்ஸ். நாம் கேட்கும் மின்னல் எஃப்.எம். போன்ற நிலையங்களுக்கு ஏன் அவ்வளவு இடம் வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட கணக்குகள் நிறைய இருந்து, சிலவற்றுக்காவது பின்பக்கத்தில் விடை இருந்தால், தனியாகப் படிப்பவருக்கு அது பெரிய துணை.

5. பதிப்பும் பணமும்

புதிய பதிப்பே வேண்டும் என்று பெற்றோரை நெருக்க வேண்டியதில்லை. ஷானன் தம் கட்டுரையை வெளியிட்டது 1948-இல். அவர் கண்ட கொள்திறன் வாய்பாடு இன்றும் அதேதான். அடிப்படைகளுக்கு மூத்த மாணவர்களிடம் கிடைக்கும் பழைய பதிப்பு போதும். கைப்பேசித் தலைமுறைகள் பற்றிய அத்தியாயம் மட்டும் சீக்கிரம் பழசாகும். அதற்கு விரிவுரைக் குறிப்பைப் பாருங்கள். பயிற்சிக் கணக்குகளின் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதை மட்டும் நண்பரின் நூலோடு சரிபார்த்துக் கொள்ளுங்கள். முதலில் இரவல், இரண்டு வாரம் கழித்துத்தான் விலைக்கு. ஒரு முதன்மை நூல், சந்தேகம் தீர்க்க ஒரு துணை நூல். ஐந்து நூல் அடுக்கி வைத்தால் ஐந்திலும் முதல் அத்தியாயம்தான் முடியும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

படிவம் 5-இல் கூட்டுக்கோண வாய்பாடுகளை நடத்தும்போது ஒரு நிமிடம் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு கோசைன்களைப் பெருக்கினால், கோணங்களின் கூடுதலுக்கு ஒன்றும் வித்தியாசத்துக்கு ஒன்றுமாக இரண்டு கோசைன்கள் பாதிப் பாதி அளவில் வரும். 1,000 கிலோஹெர்ட்ஸ் அலையோடு 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியைப் பெருக்கினால் 1,005-உம் 995-உம் கிடைப்பது இதனால்தான். வீச்சுப் பண்பேற்றத்தின் பக்கப்பட்டைகள் இவையே. இதை வகுப்பிலேயே கேட்டுவிட்ட மாணவர், பின்னாளில் அந்தத் தடித்த நூலைத் திறக்கும்போது, "அட, இது நமக்குத் தெரிஞ்சதுதானே" என்று பக்கத்தைத் திருப்புவார்.