ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு: சூளைக் கூலியின் கணக்கு

செங்கல் சூளைகளில் கல் அறுப்போருக்குக் கூலி நாளுக்கு அல்ல, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. நாள்கூலி கொடுத்தால் வேலை நடக்காது என்பது உரிமையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். கல் தரமின்றிப் போனாலோ பழி தொழிலாளி மீது விழுகிறது. சூளைகளில் உழைப்போரில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடியினரும் ஆதலால், ‘இவர்களுக்கு வேலை வராது’ என்னும் பேச்சில் சாதியும் கலந்தே ஒலிக்கிறது. தரத்தைக் கெடுப்பது உழைப்பவரின் கை அன்று, கூலியைக் கணக்கிடும் முறையே என்கிறோம் நாம்.

நல்ல கல்லுக்கு நேரம் தேவை. மண்ணிலுள்ள சரளையையும் வேரையும் பொறுக்கி, நீரில் ஊறவைத்து, கட்டியின்றிக் குழைக்க வேண்டும். அச்சின் மூலைகள் நிரம்ப அழுத்த வேண்டும். களத்தில் பரப்பிய பச்சைக்கல்லைத் திருப்பிப் போட்டுச் சீராகக் காயவிட வேண்டும். இவற்றுக்கெனத் தனிக் கூலி இல்லை. எண்ணப்படுவது முடிந்த கல் மட்டுமே. பருவத் தொடக்கத்தில் வாங்கிய முன்பணமோ கழுத்தை நெரிக்கிறது. குழைக்கும் நேரத்தைச் சுருக்கினால்தான் எண்ணிக்கை ஏறும். சரிவரக் குழையாத மண் காயும்போதே வெடிக்கிறது. வெடித்த கல்லும் மழையில் கரைந்த கல்லும் பல சூளைகளில் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. அவசரத்தை உண்டாக்குகிற முறையே அவசரத்தின் இழப்பையும் தொழிலாளியின் தலையில் கட்டுகிறது. மழைக்கும் அவர்தான் பொறுப்பாம்!

எண்ணிக்கையை எட்டக் குழந்தைகளும் களத்தில் இறங்குகின்றனர். பேரேட்டில் இருப்பதோ குடும்பத் தலைவரின் பெயர் மட்டும். கணவனும் மனைவியும் நாளொன்றுக்கு 14 மணி நேரம் உழைத்து 1,000 கல் அறுத்தால், கிடைக்கும் தொகை 28 மணி நேர உழைப்புக்கானது. எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் மூன்றரை நாள் கூலி. மிகைநேர ஊதியத்தைச் சேர்க்காமலே இக்கணக்கு. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட வேண்டியது இந்த மூன்றரை நாளைத்தான்.

சட்டத்தில் இதற்கு இடமுண்டு. நேர அடிப்படையில் மட்டும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையில், எண்ணிக்கைக்குக் கூலி பெறுவோருக்கும் அதற்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி உள்ளது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது.

ஆகவே கோட்டாட்சியரிடம் மனு அளிக்கும்போது அறுத்த கல்லின் எண்ணிக்கையை மட்டும் எழுதுவது போதாது. எத்தனை பேர், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிவரை உழைத்தனர், எத்தனை கல் எக்காரணத்தால் கழிக்கப்பட்டது, முன்பணம் எவ்வளவு ஆகியவற்றையும் பதிவு செய்ய வேண்டும். அம்முன்பணம் கொத்தடிமைக் கடன் எனத் தொழிலாளி கூறினால், அல்ல என மெய்ப்பிக்கும் பொறுப்பு, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவரையே சாரும்.