பழைய கேமராவுக்கும் பில் கேளுங்கள்

படமெடுக்கப் பழகுகிறவருக்குத் திருமயம் வாய்ப்பான ஊர். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, பாறையைக் குடைந்தமைத்த சிவன், பெருமாள் கோயில்கள், உச்சிவெயிலில் கண்கூசும் பாறை, பக்கத்திலேயே கருநிழல் என ஒளியைப் படிக்க வேண்டியதெல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. புதிய கேமரா வாங்க வசதியில்லாதவர்கள் சட்டைப்பையில் அடங்கும் பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடுகிறார்கள். தேடுவது நல்லதே. ஆனால் "பழசுதானே, பில் எதற்கு?" என்று இருந்துவிடக் கூடாது. கடையில் காசு கொடுத்து வாங்கும் பழைய பொருளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைக் கேட்டுப் பெற முதல் ஆதாரம் அந்தப் பில்தான்.

கையில் வாங்கிச் சோதியுங்கள்

இவ்வகைக் கேமராவில் அடிக்கடி கெடுவது, உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ். மணல் புகுந்தால் சிக்கிக்கொண்டு, திரையில் 'லென்ஸ் எரர்' என்று காட்டும். பழுதுபார்க்கும் கூலி பல நேரம் கேமரா விலையையே தாண்டிவிடும். எனவே பலமுறை ஆன், ஆஃப் செய்து, ஜூமை முழுக்க நீட்டிச் சுருக்கிப் பாருங்கள்.

வெளிச்சத்தில் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் அது பூஞ்சை. வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; கரும்புள்ளிகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் இரண்டையும் வீட்டில் சுத்தம் செய்ய இயலாது.

பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதே மாடல் பேட்டரி கடைகளில் கிடைக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் சில ஏற்கும் எக்ஸ்டி கார்டு இப்போது தயாரிக்கப்படுவதில்லை. மிகப் பழைய மாடல்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏற்காது.

யாரிடம் வாங்குகிறீர்கள்?

கடைக்காரர் பில் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் காலவரம்பு எதுவும் குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் கண்டு தயங்க வேண்டாம். அதே நேரம், சொல்லி விற்ற குறைக்காகப் பிறகு வாதாடுவது கடினம். ஆகவே கேமராவின் மாடல், வரிசை எண், சொல்லப்பட்ட குறைகள் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

தன் சொந்தக் கேமராவை விற்கும் தனிநபர் வணிகர் அல்ல. அவர்மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கடினம். உரிமையியல் நீதிமன்றமோ, மோசடி என்றால் காவல் நிலையமோதான் வழி. அதனால் அவரிடம் வாங்கும்போது பழைய பில்லைப் பார்த்து வரிசை எண்ணை ஒப்பிடுங்கள். கையெழுத்திட்ட ரசீது பெறுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்கீழ் குற்றம்.

ஆன்லைனில் கவனம்

பொருளைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி அடையாள அட்டைப் படம் அனுப்பி, கூரியர் செலவு கேட்பது பழகிப்போன மோசடி. 'ரீஃபண்ட் தருகிறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்பதும் அதே வகை. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை.

ஏமாந்துவிட்டால்

இணையத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். கடையோடு தகராறு என்றால், முதலில் எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

கடை சென்னையில் இருந்தாலும், திருமயத்தில் வசிப்பவர் புதுக்கோட்டையிலேயே புகார் செய்யலாம். வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

சிறு தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்துச் சேர்த்த பணம் அது. பில், உரையாடல்கள், பணம் அனுப்பிய சான்று, பழுதைக் காட்டும் படங்கள் ஆகியவற்றை வாங்கிய நாள் முதலே ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.